கெட்ட வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்ததா?

"ஆஸ்திரேலிய நகைச்சுவையா? பீர், கெட்ட வார்த்தை, அடுத்தவன் மனைவி. வேறென்ன இருக்கிறது?" என்று சொல்பவர்கள் சான்றாகக் காட்டும் படங்களில் ஒன்று 'டான்ஸ் பார்ட்டி' (1976). நடனம் என்று நினைத்துவிட வேண்டாம். டான் என்ற பள்ளி ஆசிரியர் தன் வீட்டில் கொடுக்கும் விருந்து. டேவிட் வில்லியம்சன் எழுதி 1971-இல் மெல்போர்னில் மேடையேறிய நாடகத்தை, புரூஸ் பெரெஸ்ஃபோர்டு குறைந்த செலவில் படமாக்கினார்.

குடியும் ஆபாசப் பேச்சும் படம் முழுக்க இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே கேலிக்கு ஆளாவது யார் என்று இவர்கள் கேட்பதே இல்லை. என் சண்டை அதற்குத்தான்.

கதை நடப்பது 1969 அக்டோபர் 25, பொதுத்தேர்தல் இரவு. விருந்தினரில் பெரும்பாலோர் தொழிற்கட்சி ஆதரவாளர்கள். 1949 முதல் அவர்கள் கட்சி எதிர்வரிசையில்தான். இம்முறை விட்லம் ஜெயிப்பார் என்று நம்பித்தான் பீர் வாங்கி வைத்திருக்கிறார்கள். முதல் முடிவுகள் சாதகமாக வருகின்றன. பிறகு மெல்ல மெல்லச் சரிகிறது. அங்கே வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். கடைசியில் நிற்பவர் விலக்கப்பட்டால் அவர் வாக்குகள் அடுத்த எண்ணுக்குப் போகும். தொழிற்கட்சியிலிருந்தே பிரிந்துபோன ஜனநாயகத் தொழிற்கட்சியின் வாக்குகள் அப்படி ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தன. மொத்தம் 125 இடங்களில் விட்லத்துக்குக் கிடைத்தவை 59. கார்ட்டன் பிரதமராகவே நீடித்தார்.

வில்லியம்சன் கிண்டல் செய்வது ஜெயித்தவர்களை அல்ல, தன்னைப் போலவே பல்கலைக்கழகம் போய்வந்த, தோற்ற கூட்டத்தை. தொழிலாளிக்காக உருகும் அந்தக் கூடத்தில் ஒரு தொழிலாளி கிடையாது. ஆசிரியர், வக்கீல், பல் மருத்துவர்தான். சமத்துவம் பேசும் வாய்களுக்குச் சொந்த மனைவி கண்ணில் படுவதில்லை. நாவல் எழுதப்போவதாகச் சொன்ன டான் எழுதவில்லை. மனைவி விட்டுப்போன மேக், அவள் நிர்வாணப் படத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அந்த நாட்டுத் தொலைக்காட்சியின் பெரும் நகைச்சுவை நட்சத்திரம் கிரஹாம் கென்னடி அதில் நடித்தார். சிரிக்கிறோம், அந்த மனிதனைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது.

"பெண்களை மட்டமாகப் பேசுகிறார்களே?" பேசுகிறார்கள். டானின் மனைவி கேத்தின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். அந்தப் பேச்சின் விலை என்ன என்று அங்கே தெரியும்.

"வெறும் படமெடுத்த நாடகம்" என்பது இன்னொரு குற்றச்சாட்டு. ஒரே இடம், ஒரே நாள், ஒரே செயல் என்ற விதியை பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு மனப்பாடமாகவே ஏற்றினார்கள். மொலியேரின் 'தார்த்தூஃப்' முழுக்க ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. அதைக் குறை என்று யாரும் சொல்வதில்லை. இங்கும் முடிவு தெரியும்வரை யாருக்கும் கிளம்ப மனம் வராது. அதனால்தான் வேஷம் ஒவ்வொன்றாகக் கலைகிறது.

இன்னொன்று. 1972-இல் விட்லம் ஜெயித்தார். 1975 நவம்பரில் கவர்னர் ஜெனரல் அவரைப் பதவி நீக்கினார். டிசம்பர் தேர்தலில் படுதோல்வி. அந்தக் காயம் ஆறுமுன் 1976-இல் தியேட்டருக்குப் போனவர்களிடம், பழைய தோல்வியை நினைத்துச் சிரிக்கச் சொன்னது இந்தப் படம்.

எதிர்க்கட்சிக்காரனைக் கேலி செய்ய யாருக்கும் வரும். தன் பக்கம் தோற்ற ராத்திரியில் தன் கூட்டத்தையே கேலி செய்வது எத்தனை பேருக்கு வரும்? அதைச் செய்தவர்களுக்கு நகைச்சுவை தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.