தப்பு யாருடையது?

"மலையகத்தானுக்குத் தப்பு இருக்கிறது, காமன் கூத்து இருக்கிறது, மின்கிற்றாரும் அதற்கொரு இரைச்சல் பெட்டியும் எதற்கு?" என்று கேட்கிறார் என் நெடுநாள் நண்பர் ஒருவர். கலைகள்மீது அவருக்குள்ள பற்றை நான் ஐயுறவில்லை. ஆயினும், கொழும்பில் தம் பேரனுக்குக் கீபோர்ட் வாங்கிக் கொடுத்தபோது இக்கேள்வி அவருக்கு எழவில்லை என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அவர் குறிப்பிடும் பெட்டியை நான் பார்த்தேன். தெரணியகலைக்கு அப்பால், இறப்பரும் தேயிலையும் கலந்த ஒரு தோட்டத்தின் லயன் அறையில், பால்வெட்டும் தாயின் பத்தொன்பது வயது மகன் அதைச் செய்திருந்தான். ஒரு திரான்சிற்றர், இரண்டு இருவாயிகள், சில தடையிகள், கொள்ளளவிகள், ஒரு 9 வோல்ற் பற்றரி. கிற்றாரின் ஒலியைப் பெருக்கி, அலையின் முகட்டை வெட்டி, கரகரப்பாக்கித் தரும் 'பஸ்' பெடல் அது. கைப்பேசியில் கிடைத்த ஆங்கில வரைபடத்தைப் பார்த்து, சவர்க்காரப் பெட்டிக்குள் அமைத்திருந்தான். வந்ததோ கொசுவின் ரீங்காரம். நகரத்துக் கடையில் காட்டியபோது, "இதெல்லாம் உனக்குச் சரிவராது, காசு சேர்த்து வாங்கிக்கொள்" என்று சிரித்தார்களாம். இரண்டு மாதம் அது கட்டிலின் கீழ் கிடந்தது.

இளமையில் வானொலி திருத்தும் பித்து எனக்கு இருந்ததால், பன்மானியுடன் இருவரும் உட்கார்ந்தோம். கிற்றாரை நேரே ஒலிபெருக்கியில் செருகினால் ஒலி நன்றாயிருந்தது. பற்றரியும் 9 வோல்ற் காட்டியது. மங்கித் தெரிந்த ஒரு பற்றாசை மீண்டும் உருக்கினோம், பயனில்லை. பிறகு திரான்சிற்றரின் சேகரிப்பானில் அளந்தோம். அச்சுற்றில் அங்கே 6 வோல்ற் அளவில் இருக்க வேண்டும்; கிட்டத்தட்ட பற்றரியின் முழு வோல்ற்றளவே நின்றது. அப்படியானால் திரான்சிற்றர் ஒழுங்காகக் கடத்தவில்லை.

வரைபடத்தில் இருந்தது 2என்3904. கடையில் கொடுத்தது பிசி547. மாற்றிப் போடுவதில் குற்றமில்லை, இரண்டும் ஒரே இனம். ஆனால் தட்டை முகத்தை நம் பக்கம் திருப்பி, கால்களைக் கீழே பிடித்தால், முன்னதில் இடமிருந்து வலமாகக் காலி, அடி, சேகரிப்பான். பின்னதில் சேகரிப்பான், அடி, காலி. நடுக்கால் இரண்டிலும் ஒன்றே என்பதால் சுற்று முற்றாகச் சாகவில்லை, பெருக்கம்தான் போய்விட்டது. கழற்றித் திருப்பிப் போட்டோம். வோல்ற்றளவு 6-க்கு அருகில் இறங்கியது. அவன் நரம்பைத் தட்டியதும் பக்கத்து லயத்து நாய்கள் குரைக்கத் தொடங்கின.

காலி, அடி, சேகரிப்பான் என்ற சொற்களை நான் சொல்லித் தரவில்லை. சாதாரண தர விஞ்ஞானப் பாடநூலில் அவை தமிழிலேயே இருக்கின்றன, மனப்பாடமாகச் சொன்னான். ஒரு திரான்சிற்றரை மட்டும் பள்ளிக்கூடத்தில் அவன் கையில் எவரும் தந்ததில்லை. ஒரு பிளேன்டீயின் விலைகூட வராத பொருள்! தொடாமலே அதற்குப் புள்ளி வாங்கலாம் என்ற ஏற்பாட்டை நடத்திக்கொண்டு, தோட்டத்துப் பிள்ளைக்கு இது வராது என்று தீர்ப்பு எழுதுகிறோம். எனக்குக் கோபம் இங்கேதான்.

இரைச்சல் என்று முகஞ்சுளிக்கும் நண்பருக்கு இன்னொன்று. இந்த ஒலியின் பிறப்பே ஒரு பழுதுதான். 1961-இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றுக்கு நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு நடந்தபோது, ஒலிக்கலவைப் பலகையின் ஒரு தடம் கெட்டு, பேஸ் கிற்றார் உறுமியது. அதை எறிந்துவிடாமல் பாடலில் வைத்துக்கொண்டார்கள். பொறியியலாளர் கிளென் ஸ்நாடி அவ்வுறுமலைத் திரான்சிற்றர்களைக் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் சுற்றை அமைத்தார். 1962-இல் கிப்ஸன் நிறுவனம் அதை 'மேஸ்ட்ரோ பஸ்-டோன்' என்று விற்றது. 'கெட்டதைத் தூக்கி எறி' என்று அங்கே ஒருவர் சொல்லியிருந்தால் கதை வேறு.

தப்புக் கலைஞர் செய்வதும் இதுதானே? தோல் தளர்ந்து ஒலி மந்தமானால் நெருப்பில் காட்டுகிறார், தட்டிக் கேட்கிறார், மறுபடி காட்டுகிறார். அதை மரபு என்று போற்றுகிற நண்பர், அக்கலைஞரின் பேரன் பற்றாசுக்கோலைப் பிடித்தால் மட்டும் போலி என்கிறார்.

பையனுக்கு இப்போது அடுத்த தொல்லை. பற்றரியில் இல்லாத ஓர் உறுமல், சுவர் மின்சாரத்தில் அடப்டரைப் போட்டால் வருகிறது. "100 மைக்ரோபரட் கொள்ளளவியை வழங்கலுக்குக் குறுக்கே போட்டுப் பார்க்கட்டுமா சேர்?" என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டான். நண்பரின் பேரனுடைய கீபோர்ட் பழுதாகி ஒரு வருடமாக மூலையில் கிடக்கிறதாம். விருப்பமானால் முகவரி தருகிறேன்.