கிணறு இருந்த இடத்தைச் சொல்லிவிடுங்கள்

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் விடியற்காலை போன் வந்தது. "சார், வீட்டுக்குப் பின்னாடி பூமி உள்ள போயிருச்சுங்க. நீங்கதான் லோன் போட்டுக் குடுத்தீங்க. ஒரு எட்டு வந்து பாருங்க."

பேசியவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். நான் வங்கி மேலாளராக இருந்தபோது, 2009இல், அவருக்கு வீட்டுக் கடன் கொடுத்தேன். கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஓய்வு பெற்று, நாலு ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்துகொண்டிருக்கிறேன்.

போய்ப் பார்த்தேன். துவைக்கும் கல் கிடந்த இடத்தில் ஆள் உயரத்துக்குப் பள்ளம். சமையலறைச் சுவரில் கை நுழையும் விரிசல். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தால் மண்ணைவிடப் பனியன் வேஸ்ட்டும் உடைந்த செங்கல்லும் சிமெண்ட் சாக்கும்தான் அதிகம். ஒரு ஓரத்தில் கருங்கல் கட்டு தெரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது கிணறு. அதுவும் எனக்குத் தெரிந்த கிணறு.

1994இல் அதே கிளையில் விவசாயக் கடன் பார்க்கும் அதிகாரியாக இருந்தேன். அந்தக் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் எழுதியவன் நான்தான். மேட்டில் நின்று டேப் பிடித்து அளந்திருக்கிறேன். 15 வருசம் கழித்து மேலாளராக அதே கிளைக்கு வந்தபோது தோட்டம் சைட்டாகியிருந்தது. வில்லங்கச் சான்று பார்த்தோம், மூலப்பத்திரம் பார்த்தோம், வக்கீல் கருத்து வாங்கினோம். "மனை சமதளமாக உள்ளது" என்று ஆய்வறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இங்கிருந்த கிணறு எங்கே போச்சு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பூமி தானாக விழுந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். சுண்ணாம்புப் பாறை உள்ள ஊர்களில் அப்படி நடப்பதுண்டு. தண்ணீர் பாறையையே கரைத்து அடியில் குகையாக்கிவிடும். ஒரு நாள் மேல்மண் உள்ளே விழும். துருக்கியின் கொன்யா சமவெளியில் விவசாயத்துக்காக நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச இப்படி நூற்றுக்கணக்கான பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. திருப்பூர்ப் பக்கம் மேல்மண்ணுக்கும் சுக்கானுக்கும் கீழே பெரும்பாலும் கெட்டிப் பாறைதான். இங்கே மழைக்குப் பிறகு வீட்டோரம் விழும் பள்ளங்களில் நான் பார்த்தவை எல்லாம் மனிதன் தோண்டி மனிதனே மூடியவை: பழைய கிணறு, கல்லாங்குழி, செப்டிக் டேங்க் குழி.

மூடிய கிணறு ஏன் இறங்குகிறது என்று விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. கம்போஸ்ட் குழியில் போட்ட குப்பை சில மாதத்தில் பாதியாக இறங்குவதைப் பார்த்தவர்கள் நாம். புழுதி உழவில் பொலபொலவென்று கிடக்கும் மண் முதல் மழையில் படிவதையும் பார்த்திருக்கிறோம். கிணற்றிலும் அதேதான். லாரி லாரியாகக் கொட்டிய கழிவுக்குள் சந்துபொந்துகள் இருக்கும். துணியும் குப்பையும் மக்கி அமுங்கும். மழைநீர் இறங்கும்போது மேலிருக்கும் பொடிமண்ணை அந்தச் சந்துகளுக்குள் இழுத்துக்கொண்டு போகும். மேலே தளம் மட்டும் அப்படியே நிற்கும். ஒரு நாள் அதுவும் விழும்.

இதில் மொட்டை மாடித் தண்ணீரும் சேர்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். முற்றம் முழுக்க சிமெண்ட் போட்டு, அத்தனையையும் ஒரே குழாயில் பின்பக்கம் விட்டால் அது இளகிய இடத்தைத் தேடித்தான் போகும்.

மழையைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பிக்கப் பார்க்கிறோம். 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில், பெருமழையில் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஓட்டு வீடுகள் மேல் விழுந்து 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். 2023 டிசம்பர் 4இல் மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டடத்துக்காகத் தோண்டிய குழியோரம் மண் சரிந்து இரண்டு தொழிலாளர்கள் உள்ளே சிக்கி இறந்தார்கள். இரண்டு இடத்திலும் மழை வந்தது உண்மை. சுவரைக் கட்டியதும் குழியைத் தோண்டியதும் மழையா?

டெய்லர் காப்பீட்டை நம்பியிருந்தார். பாலிசியை எடுத்துப் படித்தேன். 2021 முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா வீட்டுக் காப்பீட்டில் நிலம் உள்வாங்கினால் இழப்பீடு உண்டு. ஆனால் கொட்டி நிரப்பிய மண் இறங்கினால் கிடையாது. முந்தைய தீக் காப்பீட்டுப் பாலிசிகளிலும் அதே விதிவிலக்கு இருந்தது. காப்பீட்டுக்காரன் தெளிவாக எழுதி வைத்திருக்கிறான். முப்பது வருசத்துக்கு மேல் வங்கியில் இருந்த நான் அந்த வரியை அன்றைக்குத்தான் கவனித்துப் படித்தேன். இப்போது அந்தக் குடும்பம் வாடகையும் கட்டுகிறது, தவணையும் கட்டுகிறது.

டெய்லரின் மனைவி கேட்டார்: "இங்க கிணறு இருந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாமில்லைங்க?"

அந்தக் கேள்வி எனக்கு மட்டுமில்லை, விவசாயிகளான நமக்கும்தான். புரோக்கருக்கும் எஞ்சினியருக்கும் தெரியாமல் இருக்கலாம். கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த குடும்பத்துக்குத் தெரியும். கிணறு வற்றியது, நொய்யல் ஓரம் சாயத்தண்ணீர் ஏறிக் கெட்டது, ஆயிரம் அடி போர் போட்டும் பலனில்லை, விற்றோம். அதில் தப்பில்லை. கிணற்றில் எவன் எதைக் கொட்டினான் என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தது தப்பு.

இதைச் சொன்னதும் என் மச்சான் சிரித்தார். "கிணறு இருந்துச்சுன்னு சொன்னா சைட் விலை போகாதுங்க மாப்ளே." பெரிய மனைப்பிரிவில் 10 சதவீதம் பொது இடம் விட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த இடம் கிணற்றைச் சுற்றி அமையட்டுமே. சுற்றுச்சுவரும் கம்பி வலையும் போட்டு, மாடித் தண்ணீரை மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக அதில் இறக்கினால், சுற்றியிருக்கும் போர்களுக்கு ஊற்று கிடைக்கும்.

மூடித்தான் ஆக வேண்டும் என்றால் குப்பையும் துணியும் கூடவே கூடாது. எஞ்சினியரைக் கேட்டு, அடியில் கல், மேலே கிராவல் என்று அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். அப்படி மூடினாலும் அதன் மேல் வீடு வேண்டாம். நாலு தென்னை வைக்கலாம். கைவிட்ட போர்க்குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திறந்த கிணற்றை எதைப் போட்டு மூட வேண்டும், மூடியதை எந்தப் பத்திரத்தில் எழுத வேண்டும் என்பதற்கும் அரசு விதி கொண்டுவர வேண்டும். வங்கிகள் வீட்டுக் கடனுக்கு வில்லங்கச் சான்றோடு பழைய புலப்படத்தையும் அடங்கலையும் கேட்க வேண்டும். கிணறு அதில் இருக்கும்.

சைட் வாங்கப் போகிறவர்களும் கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் படத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள், மழைநாளில் ஒரே இடத்தில் தண்ணீர் சுழித்து உள்ளே போனாலோ, கதவு திடீரென்று பிடித்தாலோ, சுவரில் புது விரிசல் ஓடினாலோ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள்.

சங்க நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்டோபர் 2 கிராம சபைக்கு அவரவர் ஊரில் மூடிய கிணறுகளின் பட்டியலோடு போங்கள். சர்வே எண், யார் தோட்டம், எந்த மூலை, எதைப் போட்டு மூடியது, அவ்வளவுதான். எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் நான் தொடங்கிவிட்டேன். இதுவரை 11 கிணறு. அதில் மூன்றின் மேல் வீடு இருக்கிறது. மூன்று வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.