கிளாஸ்நோஸ்தில் கிளாஸ் இல்லை

'கிளாஸ் என்றால் கண்ணாடி. உள்ளே நடப்பது வெளியே தெரிவதால் கிளாஸ்நோஸ்த்' என்று சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் சொற்பிறப்பு கண்டுபிடித்திருக்கிறார். இந்த வழியில் போனால் மாஸ்கோ என்ற ஊர்ப்பெயருக்கு மஸ்கிட்டோவிடம் மூலம் விசாரிக்கலாம்.

ரஷ்ய மொழியில் கண்ணாடி 'ஸ்தெக்லோ'. கிளாஸ் பழைய ஸ்லாவியச் சொல், பொருள் குரல். இன்றைய ரஷ்யர் அதையே 'கோலஸ்' என்பார்கள். தேர்தலில் போடும் ஓட்டுக்கும் அதே சொல்தான்; நம் 'வாக்கு' பேச்சுக்கும் ஓட்டுக்கும் பொதுவாக நிற்கிறதே, அதுபோல. ஆக, கிளாஸ்நோஸ்த் என்றால் ஊரறியச் செய்வது; இது காது சம்பந்தப்பட்ட சொல். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பவனை வேடிக்கை பார்க்கலாம், அவன் பேசுவது கேட்காது.

சறுக்கல் இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தணிக்கையிலிருந்து விடுதலை என்பதே இச்சொல்லின் பொருளாம். 1985-இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் இதை உருவாக்கி மக்களுக்கு அருளினாராம்.

ஜார் இரண்டாம் அலெக்சாந்தரின் 1864 நீதிமன்றச் சீர்திருத்தத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது: விசாரணை ஊரறிய நடக்க வேண்டும் என்ற பொருளில். அதை விடுங்கள். 1965 டிசம்பர் 5, சோவியத் அரசியல் சட்ட நாள். மாலையில் மாஸ்கோவின் புஷ்கின் சிலையருகே ஒரு சிறு கூட்டம். அழைத்தவர் எஸெனின்-வோல்பின், கணிதவியலர், கவிஞர் எஸெனினின் மகன். புனைபெயரில் வெளிநாட்டில் கதைகள் வெளியிட்டதற்காகக் கைதான சின்யாவ்ஸ்கி, டேனியல் இருவரின் வழக்கை மூடிய கதவுக்குப் பின்னால் நடத்தாதே என்பதுதான் கோரிக்கை. விரித்த சில நிமிடங்களில் பதாகைகளைப் பிடுங்கிவிட்டார்கள். அவற்றில் எழுதியிருந்த சொல் கிளாஸ்நோஸ்த். வோல்பின் பேச்சுரிமை கேட்கவில்லை. உன் சட்டத்தில் நீயே எழுதியிருக்கும் பகிரங்க விசாரணையை நடத்து என்றார். அடுத்த பிப்ரவரியில் சின்யாவ்ஸ்கிக்கு 7 ஆண்டு, டேனியலுக்கு 5 ஆண்டு. கோர்பச்சேவ் அப்போது ஸ்தாவ்ரோபோலில் கட்சிப் பணியில் இருந்தார்.

பேச்சுரிமைக்கு ரஷ்யர்களிடம் 'ஸ்வபோதா ஸ்லோவா' என்று தனிப் பெயரே உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள அவர்களுக்குக் காரணமில்லை.

கோரிக்கையாக இருந்த சொல்லைக் கொள்கையாக்கியவர் கோர்பச்சேவ் என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் 1986-இல் கட்சி மாநாட்டில் அவர் கிளாஸ்நோஸ்த் பேசிச் சில வாரங்களில், ஏப்ரல் 26 அதிகாலை, செர்னோபில் அணு உலை வெடித்தது. ஸ்வீடனில் கதிர்வீச்சு தெரிந்த பிறகுதான், 28 இரவு, தொலைக்காட்சியில் நாலு வரி. மே 1 அன்று கீவ் நகரத் தெருவில் ஊர்வலம் வழக்கம்போல நடந்தது. அவர் திரையில் தோன்றிப் பேசியது மே 14.

தணிக்கையை ஒழித்த பத்திரிகைச் சட்டம் 1990 ஜூனில்தான் நிறைவேறியது. 1985-லேயே விடுதலை வந்துவிட்டதென்றால், அந்தச் சட்டம் எதை ஒழித்தது? கட்டுரையாளர் அடுத்த இதழில் பதில் எழுதட்டும். அதற்குமுன் ஒரு ரஷ்ய அகராதியைப் புரட்டட்டும், கண்ணாடி போட்டுக்கொண்டாவது.