விதை ஊன்றும் சிறுவர்

வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் கேழ்வரகுக் கொல்லையின் இடையிடையே மொச்சையைச் சாலிட்டு விதைப்பது வழக்கம். அவ்விதையில் ஒன்றைப் புறக்கடையில் ஊன்றும் சிறுவன் மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பான். பெரியோர் அதனைக் குறும்பென்று கடிவர். கடிதல் தகாது, அஃது அறிவு வேட்கையேயாம். நீரில் ஊறி விதை பருப்பதையும், தோல் கிழிந்து முதலில் வேர் இறங்குவதையும், பின்னரே தண்டு வளைந்து விதையிலை இரண்டையும் சுமந்தெழுவதையும் கிளறாமல் எங்ஙனம் காண்பது? ஒரு விதை கெட்டாற் கெடட்டும், மொச்சைக்கா பஞ்சம்?

ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆயினும் ஓசூர்ப் பக்கம் கொல்லைகள் ஆலைகளாகவும் மனைகளாகவும் மாறிவர, கேழ்வரகை மாவாக மட்டுமே அறிந்த பிள்ளைகளும் உளர். ஆதலின் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரு விதை தருதல் வேண்டும். ஒன்று தோண்டிப் பார்ப்பதற்கு, மற்றொன்று வளர்வதற்கு. இடமில்லை என்பார்க்கு, முளை காண ஒரு கொட்டாங்கச்சி மண்ணே போதும்.