பெட்ரோல் வாசனை, பழைய காரின் மணம் அல்ல!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். "பழைய வண்டின்னா கொஞ்சம் பெட்ரோல் வாசனை அடிக்கத்தான் செய்யும்!" இதைவிட ஆபத்தான பேச்சு வேறு இல்லை. ஃப்யூவல் இஞ்செக்‌ஷன் உள்ள கார் நாற்பது வயதானாலும் பெட்ரோல் வாசனை வீசக்கூடாது. வீசினால் எங்கோ ஒழுகுகிறது. அவ்வளவுதான்.

இதற்கு நல்ல உதாரணம், 1985-ல் வெளிவந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-7. எஃப்சி என்று ரசிகர்கள் அழைக்கும் இரண்டாம் தலைமுறை கார். 13பி ரோட்டரி இஞ்சின். 654 சிசி அளவில் இரண்டு அறைகள், மொத்தம் 1308 சிசி. பிஸ்டனே கிடையாது, முக்கோண ரோட்டர்கள் சுற்றும். இன்றும் இந்தக் காருக்கு உயிரை விடும் ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பெட்ரோல் கசிந்து எரிந்துபோன கார்களைப் பற்றிய கதைகளும் அவர்களிடம் நிறைய உண்டு.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ரோட்டரி இஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழியும், புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பெட்ரோல் மேலே, தகிக்கும் எக்ஸாஸ்ட் கீழே. போதாக்குறைக்கு ரோட்டரியின் புகை சாதாரண இஞ்சின் புகையைவிடச் சூடானது. மேலே ஒரு குழாய் ஒழுகினால் சொட்டு எங்கே போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள். சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். இங்கே சிறு துளி பெருநெருப்பு!

முக்கியக் குற்றவாளி பல்சேஷன் டேம்பர் என்ற சின்ன உலோக டப்பி. இஞ்செக்டர்கள் திறந்து மூடும்போது பெட்ரோல் குழாயில் உண்டாகும் அதிர்வை அடக்குவது இதன் வேலை. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். வயதாகிச் சவ்வு கிழிந்தால், டப்பியின் உச்சியில் உள்ள குட்டித் திருகு வழியாகப் பெட்ரோல் வெளியே வரும். கொடுமை என்னவென்றால், இது இன்டேக் மேனிஃபோல்டின் மேல்பகுதிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்தால் தெரியாது. பார்க்கவில்லை என்பதாலேயே பலர் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

சரி, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? வாசனை எப்போது வருகிறது என்பதே முதல் துப்பு. டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வந்தால் டேங்கின் மேல்பக்கக் குழாய்களையும், பெட்ரோல் ஊற்றும் வாய்க்குக் கீழே உள்ள ரப்பர் குழாயையும் பார்க்க வேண்டும். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து பிறகு மறைந்தால், இறுகிப்போன ஹோஸ் மீது சந்தேகப்படலாம். குளிரில் சுருங்கி ஒழுகும், சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். "தானே சரியாகிவிட்டது" என்று ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெளியே சொட்டே இல்லாமல் கார் கறுப்புப் புகை விட்டால், பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பார்க்கலாம். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது.

அடுத்தது, இஞ்சினை ஓட்டாமலே பார்ப்பது. எஃப்சி-யில் சாவியைத் திருப்பினால் மட்டும் பம்ப் ஓடாது. அதற்காகவே இஞ்சின் அறையில் மஞ்சள் நிறத்தில் இரண்டு முனைச் சோதனை கனெக்டர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். சாவியைப் போடுவதற்கு முன்பே அந்த இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்துவிட வேண்டும். பிறகு சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் பம்ப் ஓடும், குழாய்களில் சுமார் 2.5 பார் அழுத்தம் ஏறும். இஞ்சின் குளிர்ந்திருக்கும், விசிறியோ பெல்ட்டோ சுற்றாது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் கொண்டு நிதானமாகத் தேடலாம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, தூரத்தில் இருக்கும் ஒரு பொறியைத் தேடிப் போகும்.

இனி பழுதுபார்ப்பு. முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும்: இஞ்சின் ஓடும்போதே பம்பின் கனெக்டரைக் கழற்றினால், குழாயில் மிச்சமிருப்பதைக் குடித்துவிட்டு இஞ்சின் நின்றுவிடும். நன்றாக ஆறிய பிறகே ஹோஸில் கை வைக்க வேண்டும். பலர் சறுக்குவது அதற்கடுத்த கட்டத்தில். ஒழுகுகிற ஒரே ஒரு ஹோஸை மாற்றிவிட்டுக் கைகழுவிவிடுகிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் அதே வயதுடைய மற்றவையும் அதே சூட்டில் வெந்தவைதான். மாற்றினால் எல்லா ரப்பரையும், இஞ்செக்டர் ஓ-ரிங்குகளையும், டேம்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. கழற்றிய பிறகு சில ஹோஸ்களின் விலை ஒரு பொருட்டா?

ஹோஸ் வாங்குவதிலும் கஞ்சத்தனம் ஆகாது. கார்புரேட்டர் கார்களுக்கான சாதாரணக் குழாய் இங்கே உதவாது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 போன்ற, இஞ்செக்‌ஷன் அழுத்தத்துக்கென்றே செய்த தரம் வேண்டும். ரப்பரைக் கடித்து வெட்டும் பல் வைத்த கிளாம்புக்குப் பதில், விளிம்பு மழுங்கிய இஞ்செக்‌ஷன் கிளாம்ப் போட வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலப்பது பரவிவருவதால் இது இன்னும் அவசியம். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இ10 வழக்கமான பெட்ரோலாக வந்தபோது, பழைய கார்களுக்கு அது ஏற்றதல்ல என்று அரசே எச்சரித்தது. அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதல்ல.

டேம்பரைப் பற்றி ரசிகர்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு. புதிய டேம்பரே போட வேண்டும் என்பது ஒரு கட்சி. அதை எடுத்துவிட்டு வெறும் பேஞ்சோ போல்ட் போடலாம், கிழிவதற்குச் சவ்வே இருக்காது என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நியாயமே இல்லாதது மூன்றாவது கட்சி: "கம்பெனியில் வந்த ஒரிஜினல் பாகம், அப்படியே இருக்கட்டும்" என்று விட்டுவைப்பவர்கள். ஒரிஜினல் பெயின்ட்டைக் காப்பாற்றலாம், ஒரிஜினல் சீட்டைக் காப்பாற்றலாம். முப்பத்தைந்து வருட ரப்பரைக் காப்பாற்றுவது பாரம்பரியம் இல்லை, அலட்சியம்.

எஃப்சி-யை மாஸ்டா இனிச் செய்யப்போவதில்லை. எரிந்துபோகும் ஒவ்வொன்றும் திரும்பி வராத ஒன்று. உள்ளே உட்கார்ந்திருப்பவரும் அப்படித்தான். வாசனை வந்த அன்றே சாவியைக் கழற்றி வைப்பவர்தான் அந்தக் காரின் உண்மையான ரசிகர்.