பத்தாயிரம் ஆட்டங்கள்

நாடுகாணிச் சந்திப்பில் பஸ் நின்றால் இறங்கி ஒரு டீ குடிக்காமல் மேலே போவதில்லை என்பது என் கொள்கை. ஒரு சாலை கூடலூரிலிருந்து வருகிறது. ஒன்று தேவாலா, பந்தலூர் பக்கம் திரும்புகிறது. மூன்றாவது, சுரத்தில் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் என்று கேரளத்துக்குள் புகுந்துவிடுகிறது. ஆடி மாதத்து மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் பத்தடியில் நிற்கிற லாரி கண்ணுக்குத் தெரியாது. ஹார்ன் சப்தந்தான் தெரியும்.

அப்படிப்பட்ட ஒரு மாலையில் அங்கே ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடையின் மூலையில் பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் வர்ணஜாலம். பள்ளிக்கூடப் பையை முதுகிலிருந்து இறக்கக்கூட நேரமில்லாத மூன்று பையன்கள் அதன் முன்னால் நின்று, "முஸ்தபா! முஸ்தபாவை எடுடா!" என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

இந்த முஸ்தபாவை நேயர்களில் பலருக்குத் தெரியாமலிருக்கலாம். உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவார்கள். 'காடிலாக்ஸ் அண்ட் டைனோஸார்ஸ்' என்று ஒரு வீடியோ ஆட்டம். ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1993-இல் வெளியிட்டது. அதிலே நாலு வீரர்கள். நம் நாட்டுப் பையன்கள் அவர்களில் முஸ்தபா என்பவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டத்தின் பெயரையே 'முஸ்தபா' என்று மாற்றிவிட்டார்கள். அசல் பெயர் வாயில் நுழையாவிட்டால் நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுகிற சாமர்த்தியம் நமக்கு எப்போதும் உண்டு.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். டீயைக் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"ஐயா, நீங்க கதை எழுதறவங்கன்னு சொல்றாங்க. ஒண்ணு கேக்கலாங்களா? இந்தப் பெட்டி வச்சிருக்கிறது தப்புங்களா? போன வாரம் கார்ல வந்த வக்கீல் ஒருத்தர் பார்த்துட்டு, 'இதுக்கு ஜெயில் தெரியுமா'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. வித்தவரு எல்லாமே ஃப்ரீன்னுதானே சொன்னாரு?"

விற்றவர் சமவெளியிலே ஒரு பெரிய ஊரில் இருக்கிறார். பெட்டியின் விலை நாற்பதாயிரம் ரூபாய். உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் பத்தாயிரம் ஆட்டங்கள். பெட்டியின் பக்கவாட்டில் அந்த எண்ணையே தங்க எழுத்தில் பொறித்திருந்தது. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்லுகிறேன் என்று கிளம்பினேன்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது நண்பர்கள் சிரித்தார்கள். "நாடுகாணியிலே ஒரு டீக்கடை! ஜப்பான்காரன் வந்து பார்க்கப் போகிறானா? முப்பது வருஷத்துப் பழைய ஆட்டம்! ஏழை பிழைத்துப் போகட்டுமே, ஐயா!" என்றார்கள். இவ்விதம் சொன்னவர்களில் ஒருவர் புத்தகப் பதிப்பாளர். அவருடைய புத்தகத்தை எவனாவது பி.டி.எஃப். செய்து சுற்றில் விட்டால் அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது.

முதலில் அந்த 'ஃப்ரீ' சங்கதியைப் பார்க்கலாம். விற்றவர் சொன்னது முழுப் பொய்யல்ல. கால் பங்கு உண்மை; ஆகையினால்தான் அது ஆபத்தானது. பழைய ஆட்டப் பெட்டியின் எலெக்ட்ரானிக் உறுப்புகளைப் போலவே கம்ப்யூட்டரை நடிக்க வைக்கிற புரோகிராமுக்கு எமுலேட்டர் என்று பெயர். அவற்றில் பிரசித்தமானது 'மேம்'. இத்தாலியரான நிக்கோலா ஸால்மோரியா 1997-இல் தொடங்கி வைத்தார். பிற்பாடு எத்தனையோ பேர் கூலி வாங்காமல் உழைத்து வளர்த்தார்கள். அதையுங்கூட வியாபாரத்தில் உபயோகிக்கக் கூடாதென்று வெகு காலம் நிபந்தனை இருந்தது; 2016-இல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். ஆக, எமுலேட்டர் இன்று நிரபராதி. அமெரிக்காவில் ஸோனி கம்பெனி கனெக்டிக்ஸ் என்ற எமுலேட்டர்க்காரர்கள் மீது வழக்குப் போட்டு, 2000-இல் அப்பீல் கோர்ட்டில் தோற்றுப் போயிருக்கிறது. நம் சட்டமும் ஒரு புரோகிராம் எப்படி வேலை செய்கிறதென்று ஆராய்ந்து பார்ப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை.

ஆனால் எமுலேட்டர் வெறும் மேடை. நாடகம் வேறே அல்லவா? பையன்கள் காசு போடுவது மேடையைப் பார்ப்பதற்கா? ஆட்டம் இருப்பது ரோம் என்கிற கோப்பில். அசல் பெட்டியின் சில்லிலிருந்து யாரோ நகல் எடுத்தது அது. அந்தப் பத்தாயிரத்தில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இன்னமும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மேம்காரர்களே உரிமையாளரின் சம்மதத்தோடு சில ஆட்டங்களை இனாமாகத் தருகிறார்கள். அவற்றிலுங்கூட வியாபாரத்துக்கு அல்ல என்றுதான் நிபந்தனை.

இனி நம் சட்டம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 1984-இல் திருத்தியபோது கம்ப்யூட்டர் புரோகிராமையும் 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில் சேர்த்துவிட்டார்கள். அதாவது, நான் ராப்பகலாய் விழித்து எழுதுகிற நாவலும் முஸ்தபாவின் குஸ்தியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஜாதி! கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அதையும் சில பேர் உட்கார்ந்து எழுதித்தானே இருக்கிறார்கள்? இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியர் காலத்துக்குப் பின் அறுபது வருஷம் நிற்கிறது. முப்பது வருஷம் பழசு என்பது இங்கே ஒரு வயதே அல்ல.

63-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் உபயோகிக்கிறவனுக்கு ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரையில் சிறை. ஐம்பதினாயிரத்துக்குக் குறையாமல் இரண்டு லட்சம் வரையில் அபராதம். லாபத்துக்கோ வியாபாரத்திலோ உபயோகிக்காதவனாக இருந்தால், கோர்ட்டு தக்க காரணம் காட்டிச் சிறையை விட்டுவிடலாம். டீக்கடைக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது. காசு போடுகிற ஓட்டை ஒன்று பெட்டியில் இருக்கிறதே, அந்த ஓட்டை வழியாகச் சலுகை விழுந்து போய்விட்டது.

அந்தப் பிரிவைப் படித்தபோது 'தெரிந்தே' என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. இதுவரையில் கடைக்காரர் தெரியாதவர். விற்றவன் பேச்சை நம்பியவர். நான் போய் உண்மையைச் சொல்லிவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து அவர் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். அப்புறமும் பெட்டியை ஓட்டினால் குற்றவாளி. உபகாரம் செய்யப் போன நான் அவர் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டு வருகிறேன்! சொல்லாமலே இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் கோபமெல்லாம் அந்தப் பெட்டி வியாபாரியின் மீதுதான். அவனுக்கு எல்லாம் தெரியும். நகல் எடுத்து அடைத்தவனே அவன். உரிமையைத் தெரிந்து மீறுகிறவனுக்கு அதே சட்டத்தின் 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரையில் தண்டனை இருக்கிறது. ஆனால் பெட்டி கைமாறின கணமே அவன் மறைந்து போகிறான். சாலையோரத்தில், எல்லோர் கண்ணிலும் பட, விளக்குப் போட்ட பெட்டியோடு நிற்கிறவர் டீக்கடைக்காரர். இந்தப் பக்கத்துக்கு இது புதிதுமல்ல. 1880-ஐ ஒட்டிப் பக்கத்திலே தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் விளைகிறதென்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாக ஆரம்பித்தார்கள். பங்கு விற்றவர்கள் பிழைத்தார்கள். வாங்கினவர்களுக்கு மிஞ்சியது மலையிலே தோண்டின குழிகள்.

சர்க்கார் ஏன் பார்க்கவில்லை என்று கேட்கலாம். சினிமாக்காரர்கள் ஒன்றுகூடிக் கேட்டார்கள். 2004-இல் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களைச் சேர்த்துவிட்டார்கள். அது படத்துக்கும் பாட்டுக்குந்தான். வீடியோ ஆட்டக் கடைகளைக் கோர்ட்டு கவனிக்காமல் இல்லை. கர்நாடக வழக்கொன்றில் 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு அத்தகைய கடைகளுக்கு லைசென்ஸ் அவசியமென்று சொன்னது. ஆனால் அங்கே பேச்செல்லாம் சூதாட்டமா, திறமையா என்பதைப் பற்றி. பெட்டிக்குள் இருப்பது யாருடைய ஆட்டம் என்ற கேள்வி அந்த வழக்கின் விஷயமல்ல.

எதிர்க்கட்சியின் பலமான வாதம் ஒன்றுண்டு. அதை ஒளித்துவைத்துவிட்டு ஜெயிக்க நான் விரும்பவில்லை. முஸ்தபா ஆட்டத்தை, கடைகளுக்கான பெட்டியைத் தவிர, வீட்டுக் கருவிகளுக்கென்று கம்பெனி விற்றதே இல்லை. அமெரிக்கச் சித்திரக் கதை ஒன்றைத் தழுவியது. அதற்கு வேறு உரிமை வேண்டும். விற்கவே மாட்டேன் என்கிறவனிடம் எப்படி வாங்குவது?

நியாயந்தான். என் முதல் நாவல் பல வருஷமாக அச்சில் இல்லை. ஒரு வாசகர் நூல் நிலையத்துப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்துப் படித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதினார்; மகிழ்ந்து போனேன். இன்னொருவர் அதையே ஐம்பது பிரதி எடுத்து அட்டை போட்டு விற்றார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நாவல் அதே நாவல், காகிதமும் அதே காகிதந்தான். நம் சட்டமும், முறையாகக் கிடைத்த புரோகிராம் பிரதியிலிருந்து சொந்த உபயோகத்துக்கு, வியாபாரமில்லாமல் நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. கோடு கல்லாப்பெட்டிக்கு முன்னால் போடப்பட்டிருக்கிறது. அது சரியான இடந்தான்.

ஆனால் உரிமை கொண்டாடுகிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. கடையில் பாட்டுப் போடுகிறவர் பணம் கட்ட நினைத்தால் கட்டுவதற்கு இடம் இருக்கிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளுக்காக 1969-லிருந்து ஒரு சங்கம் நடக்கிறது. ஆட்டத்துக்கு அப்படி ஒரு ஜன்னல் எங்கே? நாடுகாணிக்காரர் மாதம் முந்நூறு ரூபாய் கட்டத் தயாராக இருக்கிறார்; வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பொதுமக்களுக்குக் கிடைக்காமல் முடக்கி வைத்த படைப்புக்குக் கட்டாய லைசென்ஸ் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்காக வக்கீலை அமர்த்தினால் டீக்கடையை விற்க வேண்டும். 1949-இல் சென்னை சர்க்கார் பாரதி பாடல்களின் உரிமையை வாங்கிப் பொதுச் சொத்தாக்க வழி செய்தது. முஸ்தபாவுக்காக சர்க்கார் பணம் கொடுக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஒரு கட்டணம், ஒரு ரசீது, ஒரு முகவரி. கம்பெனிகள் இவ்வளவாவது செய்யட்டும். செய்யாத வரையில் அவர்களுக்காக என் கண்ணில் நீர் வராது. ஆனாலும் அது பெட்டி நியாயமாகிவிட்டதற்கு அத்தாட்சி ஆகாது.

அடுத்த மாதம் மறுபடியும் நாடுகாணிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், 'தெரிந்தே' உள்பட. கடைக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாப்பதாயிரங்க, ஐயா. இன்னும் எட்டுத் தவணை பாக்கி" என்றார்.

"தம்பி, விற்றவருக்குப் போன் போடுங்கள். ஆட்டங்களின் உரிமையும் விலையில் சேர்ந்தது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லையானால் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றேன்.

என் எதிரிலேயே பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, "அதெல்லாம் எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்லை" என்று பதில் வந்தது. மறுபடி போட்டபோது எடுக்கவில்லை.

அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு அந்த மூன்று பையன்களும் வந்துவிட்டார்கள். கடைக்காரர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்தினார்.

"கரண்ட் இல்லையாண்ணே?" என்று கேட்டான் ஒருவன். தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது.