ஐஸால் காட்டிய சிக்கனம்

திருப்பதியில் மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி மைதானங்களின் பக்கம் நடந்து செல்பவர்கள், பத்துப் பதினைந்து கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவே ஏதோ ஒரு மூலையில், செருப்புகளைக் குவித்துக் கோல் எல்லை வகுத்துக்கொண்டு, தையல் விட்ட ஒரே பந்தைத் தெலுங்கும் தமிழுமாகக் கூவியபடி துரத்தும் பிள்ளைகளைக் கண்டிருப்பார்கள். சித்தூரிலும் அதே காட்சிதான். இந்தப் பிள்ளைகளுக்கென்று ஊர்ப்பெயர் தாங்கிய ஒரு நல்ல கால்பந்துக் குழு ஏன் இல்லை என்று கேட்டால், பெரியவர்கள் ஒருமுகமாகச் சொல்லும் பதில், "பணத்துக்கு எங்கே போவது?" என்பதே. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அதைப் பூரண உண்மையாக ஏற்க என் மனம் இணங்கவில்லை. 2017-ஆம் ஆண்டில் ஐஸால் நகரம் சாதித்துக் காட்டிய காரியமே அதற்குக் காரணம்.

மிசோரத்தின் தலைநகரான ஐஸால், 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி ஏறத்தாழ நமது திருப்பதியளவே உள்ள மலையூர். இரண்டுமே மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவ்வூர்க் கழகம் 2016-இல் நாட்டின் அன்றைய தேசிய லீக்கான ஐ-லீக் போட்டியில் தோற்றுக் கீழிறக்கப்பட்டு, பிறகு கோவாவின் கழகங்கள் விலகிக்கொண்டதனால் உண்டான காலியிடத்தில் மறுபடியும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அவ்வாறு அதிர்ஷ்டவசமாக உள்ளே வந்த குழுவுக்குப் பயிற்சியாளராக அமர்ந்தவர் காலித் ஜமீல். மும்பை எஃப்.சி. என்னும் எளிய கழகத்தைக் குறைந்த பணத்தைக் கொண்டே பல பருவங்கள் கீழே விழாமல் காத்து வந்து, முடிவில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர்.

ஐஸால் கழகத்தின் அந்த ஆண்டுச் செலவு சுமார் 2 கோடி ரூபாய் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், பெங்களூரு ஆகிய பெரிய கழகங்களின் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பத் தொகை. அந்தச் சொற்பத்தை ஜமீல் எவ்வாறு பிரயோகித்தார் என்பதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம். மிசோரத்துப் பிள்ளைகளையே குழுவின் பெரும்பகுதியாக வைத்துக்கொண்டு, மும்பையில் தம்மிடம் ஆடியவர்களும், குணமும் குறையும் தமக்குத் தெரிந்தவர்களுமான ஜயேஷ் ராணே, அஷுதோஷ் மேத்தா ஆகியோரை உடனழைத்து வந்து, ஸிரியாவின் மஹ்மூத் அல் அம்னா, லைபீரியாவின் ஆல்ஃபிரட் ஜார்யான் போன்ற இரண்டொரு அயல்நாட்டவரை நடுக்களத்துக்கு ஆதாரமாக நிறுத்தி, தற்காப்பைக் கோட்டைபோல் இறுக்கிய பிறகே அவர் கோல் அடிப்பதைப் பற்றி யோசித்தார். பெயருக்காக ஒருவரையும் வாங்கவில்லை. லோபி செலவழிக்கவே அஞ்சுகிறான். சிக்கனக்காரனோ எதற்குச் செலவழிப்பது என்று அறிந்திருக்கிறான். ஜமீல் இரண்டாவது ரகம்.

2017 ஏப்ரல் 22-ஆம் தேதி ஐஸாலில் மோகன் பகானை எதிர்த்து நடந்த ஆட்டத்தில், 83-ஆம் நிமிஷத்தில் ஐஸாலின் ஸோமிங்லியானா ரால்தே தலையால் முட்டிய பந்து வலைக்குள் விழுந்தது. பட்டம் வெல்ல அடுத்த வாரம் ஷில்லாங்கில் ஒரு சமநிலை போதும் என்ற நிலை. ஆனால் ஒன்பதாவது நிமிஷத்திலேயே லாஜோங் குழு கோல் போட்டுவிட, மலைவழியே பயணம் செய்து வந்திருந்த ஐஸால் அபிமானிகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கலங்கிக் கிடந்தார்கள். 67-ஆம் நிமிஷத்தில் ஐஸாலின் வில்லியம் லால்நுன்ஃபெலா பந்தை வலைக்குள் செலுத்தினார். ஐஸாலுக்கு 37 புள்ளிகள், மோகன் பகானுக்கு 36. வடகிழக்கிலிருந்து தேசிய லீக் பட்டத்தை வென்ற முதல் கழகம் அதுவே. ஜமீலை வெளியேற்றிய மும்பை எஃப்.சி. அந்தப் பருவத்தில் கடைசி இடத்தில் நின்றது.

"ஒரு வருஷத்து அதிர்ஷ்டம்" என்று சொல்பவர்கள் உண்டு. மறு பருவத்திலேயே ஜமீலும் அம்னாவும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார்கள், மற்றவர்களையும் பணமுள்ள கழகங்கள் கவர்ந்துகொண்டன என்பது மெய்யே. ஏழைக் கழகத்தால் தான் வளர்த்த பிள்ளையைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஜமீலின் வித்தை வெறும் அதிர்ஷ்டமாக இருந்திருந்தால், அதே மனிதர் 2025 ஆகஸ்டில் இந்தியக் குழுவின் தலைமைப் பயிற்சியாளராகியிருக்க மாட்டார். கோயம்புத்தூரைத் தாயகமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி கழகமும், தமிழ்நாட்டு இளைஞர்களோடு ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிய சிலரைச் சேர்த்து, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸின் பயிற்சியில் 2019-இல் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி அதே பட்டத்தை வென்றது.

நம் பக்கத்துக்கும் இது புதிதல்ல. முன்பு ஒரே மாநிலமாக நம்மோடு இணைந்திருந்த ஹைதராபாத்தில், பள்ளி ஆசிரியராக இருந்த ஸையத் அப்துல் ரஹீம், போலீஸ்காரர்களைக் கொண்ட ஒரு குழுவைப் பயிற்றுவித்து 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வெல்லச் செய்தார் என்பதையும் நாம் மறந்துவிட்டோம்.

ஆகவே, சித்தூர், திருப்பதி மாநகராட்சியாரையும் கல்லூரி நிர்வாகத்தாரையும் நான் வேண்டிக்கொள்வது பெரிய தொகையை அல்ல. வாரத்தில் நான்கு மாலைகள் மைதானத்தில் ஒரு பகுதியைக் கால்பந்துக்கென்று ஒதுக்குங்கள். இரண்டு கோல் கம்பங்களை நடுங்கள். ஆட்டம் தெரிந்த ஒரு பயிற்சியாளருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். செருப்பைக் குவித்து ஆடும் அந்தப் பிள்ளைகள் நாளை மாலையும் அங்கேதான் இருப்பார்கள்.